சாலைத் தாரில் கல்தூள்: விறைப்பு எங்கிருந்து வருகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலவை ஆலைகளிலும் பொருட்சோதனைக் கூடங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. வழக்கப்படி 'தார்' என்றே எழுதியிருக்கிறேன். பேச்செல்லாம் பெட்ரோலிய சுத்திகரிப்பில் கிடைக்கும் பிட்டுமெனைப் பற்றியதுதான். கணக்குகளைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கும் வாசகரை மனத்தில் வைத்து எழுதியது.

ஃபில்லர் என்று எதைச் சொல்கிறோம்?

75 மைக்ரான் சல்லடையில் பெரும்பாலும் கடந்துவிடும் கனிமத் தூளை. இந்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்புப்படி, ஃபில்லராக வாங்கும் தூள் 0.6 மி.மீ. சல்லடையில் முழுவதும் கடக்க வேண்டும், 0.3 மி.மீ. சல்லடையில் 95 சதவீதத்துக்குக் குறையாமலும், 75 மைக்ரானில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும் கடக்க வேண்டும். கல்தூள், நீர்த்த சுண்ணாம்பு, சிமென்ட் ஆகியவை வழக்கமானவை.

மூட்டையில் வாங்கிச் சேர்ப்பது மட்டும்தான் ஃபில்லர் என்று பலர் எண்ணுகிறார்கள். ஜல்லியோடும் கிரஷர் மணலோடும் ஒட்டிக்கொண்டு வரும் நுண்தூளும் அதே வேலையைத்தான் செய்யும். தாருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஜல்லிகளுக்கு இடையிலுள்ள சந்துகளை அடைப்பதுதானே அதன் வேலை?

அது பாதி வேலை. மறுபாதியில்தான் இந்தக் கட்டுரையின் விஷயம் இருக்கிறது. அடர்த்தியான தார்க் கலவையில் ஜல்லியின் மேல் படியும் தார்ப் படலத்தின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 8 மைக்ரான் என்று கணக்கிடுவார்கள். நுண்தூளில் கணிசமான பங்கு அதைவிடச் சிறிய துகள்கள். அவை படலத்துக்கு உள்ளேயே மிதக்கின்றன. ஆகவே ஜல்லியையும் ஜல்லியையும் ஒட்டவைப்பது வெறும் தார் அல்ல, தாரும் தூளும் கலந்த குழம்பு. அதற்கு மாஸ்டிக் என்று பெயர். சாலை பள்ளம் விழுவதும் விரிசல் விடுவதும் பெருமளவு இந்த மாஸ்டிக்கின் குணத்தைப் பொறுத்தவை. நாம் சோதித்து வாங்குவது தாரை. சாலையில் உழைப்பதோ மாஸ்டிக்.

இயற்கை இதை முன்பே செய்து வைத்திருக்கிறது. டிரினிடாட் ஏரித் தாரைச் சுத்திகரித்த பிறகும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நுண்கனிமம் இருக்கும். வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவில் 1876-இல் போட்ட தார்ச்சாலைக்கு அந்த ஏரித் தாரைப் பயன்படுத்தினார்கள்.

தூள் சேர்த்தால் தார் எத்தனை மடங்கு விறைக்கும்?

திரவத்தில் திடத் துகள்கள் மிதந்தால் பாகுத்தன்மை எவ்வளவு ஏறும் என்ற கேள்விக்கு முதல் விடை ஐன்ஸ்டைனுடையது. துகள்களின் கன அளவுப் பங்கை 2.5-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் போதும் என்பது சூத்திரம். 1906-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அந்த 2.5 இல்லை, கணக்கில் இருந்த பிழை தெரியவந்து 1911-இல் திருத்தினார். ஆனால் இந்தச் சூத்திரம் துகள்கள் மிக அரிதாக, ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும்போதுதான் செல்லும். சாலை மாஸ்டிக்கில் நெரிசல் அதிகம்.

நெரிசலைக் கணக்கில் கொள்ளும் எளிய சூத்திரம் மாரன்–பியர்ஸ் சூத்திரம். கன அளவுப் பங்கை, அந்தத் தூள் அடையக்கூடிய உச்சக் கன அளவுப் பங்கால் வகுக்க வேண்டும். வந்ததை 1-இலிருந்து கழித்து, மிச்சத்தின் வர்க்கத்தால் 1-ஐ வகுக்க வேண்டும்.

ஒரு உதாரணம். தாரும் கல்தூளும் சம எடை. ஒப்படர்த்தி (தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) முறையே 1.02, 2.70. அப்போது மாஸ்டிக்கின் கன அளவில் தூளின் பங்கு 27.4 சதவீதம். அந்தத் தூள் உச்சமாக 65 சதவீதம் வரை நெருங்கி அடையக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். விடை சுமார் 3 மடங்கு. ஐன்ஸ்டைன் சூத்திரமோ 1.7 மடங்கு என்றுதான் சொல்லும். தூளின் எடை தாரின் எடையில் 0.6 பங்கானால் சுமார் 2 மடங்கு, 1.2 பங்கானால் 3.7, 1.5 பங்கானால் 5.1. வரைபடமாகப் போட்டால் கோடு நேராகப் போகாது. முதலில் சோம்பலாக ஏறி, பிறகு செங்குத்தாகக் கிளம்பும். அந்தச் செங்குத்து எங்கே தொடங்குகிறது என்பதை அறிவதுதான் கலவை வடிவமைப்பில் முக்கியம்.

எல்லாரும் எடை விகிதத்தைத்தானே பார்க்கிறார்கள்? கன அளவு எதற்கு?

எடைபோடுவது எளிது என்பதால் எடையைப் பார்க்கிறோம். தாருக்கு எடை தெரியாது. தனக்குள் எவ்வளவு இடம் பறிபோனது என்பதுதான் தெரியும். ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ பொரியும் தராசில் சமம், பையில் சமமல்ல. சிமென்ட்டின் ஒப்படர்த்தி சுமார் 3.15, நீர்த்த சுண்ணாம்பின் ஒப்படர்த்தி 2.24 அளவில். ஒரே எடைக்கு சுண்ணாம்பு சிமென்ட்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிக இடத்தை அடைக்கும். அதுவும் துகளின் திடப்பகுதியை மட்டும் எண்ணினால். துகள்களுக்கு இடையே சிக்கும் வெற்றிடத்தையும் எண்ணினால் வித்தியாசம் இன்னும் பெரிது.

அந்த வெற்றிடத்தை எப்படி அளப்பது?

1947-இல் ரிக்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். அவர் பெயராலேயே ரிக்டன் வெற்றிடம் என்கிறோம். உலர்ந்த தூளை 10 கிராம் எடுத்து, 25 மி.மீ. உள்விட்டமுள்ள உலோக உருளையில் போட்டு, உலக்கையை உள்ளே விட்டு, 100 மி.மீ. உயரத்திலிருந்து 100 முறை விழச் செய்வார்கள். பிறகு இறுகிய தூளின் உயரத்தை அளப்பார்கள். அவ்வளவுதான். மின்சாரம்கூட வேண்டாம்.

உயரத்தில் தெரியும் வேறுபாடு கண்ணுக்கே புலப்படும். வெற்றிடம் 35 சதவீதமுள்ள கல்தூள் உருளையில் சுமார் 11.6 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். வெற்றிடம் 65 சதவீதமுள்ள நீர்த்த சுண்ணாம்பு, அதே 10 கிராம், 26 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். இரண்டையும் 'ஃபில்லர்' என்ற ஒரே பெயரில் எடைபோட்டுச் சேர்ப்பதன் அபத்தம் அந்த இரு உயரங்களில் தெரிகிறது.

கல்தூள்களில் இந்த வெற்றிடம் பொதுவாக 28 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். 100-இலிருந்து அதைக் கழித்தால் மேலே சொன்ன உச்சக் கன அளவுப் பங்கு கிடைத்துவிடும்.

கட்டுண்ட தார், கட்டற்ற தார் என்கிறார்களே?

ரிக்டனின் சிந்தனை அதுதான். நன்றாக இறுகிய தூளின் வெற்றிடங்களை நிரப்பும் தார் நகர முடியாமல் சிறைப்பட்டது. மிஞ்சியதுதான் வழுக்கலையும் நெகிழ்வையும் தரும் கட்டற்ற தார். சம எடை உதாரணத்தில், வெற்றிடம் 35 சதவீதமானால், மொத்தத் தாரில் சுமார் 20 சதவீதம் சிறைப்படுகிறது. எடை விகிதம் 1.2, வெற்றிடம் 45 சதவீதம் என்றால் 37 சதவீதம் போய்விடுகிறது. கலவையில் 5.4 சதவீதம் தார் ஊற்றியதாகப் பதிவேட்டில் இருக்கும். சாலைக்கு உதவ வந்தது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

இது துல்லியமான இயற்பியல் அல்ல. துகளின் மேற்பரப்பு, தாரின் வேதியியல் எல்லாம் இதில் விடுபட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரே ஒரு எண்ணைத்தான் அளக்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் அளப்பேன்.

0.6 முதல் 1.2 வரை என்ற விதி போதாதா?

அமெரிக்காவின் சூப்பர்பேவ் என்ற கலவை வடிவமைப்பு முறையில், 75 மைக்ரானைக் கடக்கும் தூளின் எடையைப் பயன்படு தாரின் எடையால் வகுத்தால் விடை 0.6-க்கும் 1.2-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஜல்லி உறிஞ்சிக்கொண்டது போக மீதியிருப்பதே பயன்படு தார்.

வழக்கமான கல்தூளுக்கு இது நல்ல வேலி. ஆனால் விகிதம் 1.2-ஐ வைத்துக்கொண்டு தூளை மட்டும் மாற்றிப் பாருங்கள். வெற்றிடம் 35 சதவீதமானால் விறைப்பு 3.7 மடங்கு, 45 சதவீதமானால் 5.3 மடங்கு. இரண்டு கலவைகளும் விதிக்குள்தான் இருக்கின்றன. இரண்டும் ஒரே சாலையாக இருக்கப்போவதில்லை. குவாரி மாறினாலும் விகிதம் மாறாததால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நீர்த்த சுண்ணாம்பு சேர்த்தால் கலவை முரடாகிறது, ரோலருக்கு மசியவில்லை என்கிறார்களே?

உண்மைதான். காரணம் அந்த 65 சதவீத வெற்றிடம். சுண்ணாம்புத் துகள் உள்ளேயும் நுண்துளை உள்ளது, தாரை உறிஞ்சும். தாருக்குச் சம எடையில் நீர்த்த சுண்ணாம்பைக் கலந்து பாருங்கள். கன அளவுப் பங்கு 31 சதவீதமாகும். உச்சமோ 35 தான். சூடான தாரில் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கிளறும்போது, முதலில் பளபளப்பு மங்கும், பிறகு கம்பி இழுபடும், கடைசியில் குழம்பு என்ற நிலையே போய்ப் பொலபொலவென்று கட்டிகளாக உதிரத் தொடங்கும்.

நம் ஊர் நடைமுறையில் அவ்வளவு சேர்ப்பதில்லை. நீருக்கு ஆட்படும் ஜல்லியாக இருந்தால் அதன் எடையில் 2 சதவீதம் சுண்ணாம்பு என்பது வழக்கம். 5.4 சதவீதத் தார் உள்ள கலவையில் இது தாரின் எடைக்கு 0.35 பங்குதான். ஆனாலும் அது மட்டுமே தாரைச் சுமார் 2.7 மடங்கு விறைக்கச் செய்யும் என்று கணக்கு சொல்கிறது. தாருக்குச் சம எடைக் கல்தூள் செய்யும் வேலைக்கு ஏறக்குறைய இணை. பிழை எங்கே நடக்கிறதென்றால், 2 சதவீதம் சுண்ணாம்பைச் சேர்த்துவிட்டு, ஏற்கெனவே இருந்த கல்தூளை அப்படியே விட்டுவிடுவது. சுண்ணாம்பு வந்தால் கல்தூள் குறைய வேண்டும். எவ்வளவு என்பதை இரண்டையும் கலந்து உருளையில் இடித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கலவைத் தூளின் வெற்றிடம் இரண்டின் எளிய சராசரியாக அமையும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

இதற்காகச் சுண்ணாம்பை ஒதுக்கிவிடாதீர்கள். தாரிலுள்ள அமிலக் கூறுகளோடு அது வினைபுரிகிறது. அதனால் தாருக்கும் கல்லுக்கும் ஒட்டுதல் கூடுகிறது. தண்ணீர் புகுந்து தார் உரிவது குறைகிறது. தார் வயதாகி இறுகுவதும் மந்தமாகிறது. மற்ற எந்த ஃபில்லரும் இவ்வளவையும் சேர்த்துத் தருவதில்லை. கிரானைட், சார்னோகைட் போன்ற சிலிக்கா மிகுந்த கற்களே தமிழ்நாட்டில் ஜல்லியாக நிறைய உடைபடுகின்றன. தண்ணீர் பட்டால் தாரை எளிதில் விட்டுவிடும் இயல்பு இத்தகைய கற்களுக்கு உண்டு என்பதால் இங்கே சுண்ணாம்புக்கு வேலை இருக்கிறது.

சிமென்ட் ஃபில்லர் போட்டால் கான்கிரீட் போல இறுகுமா?

இறுகாது. சிமென்ட் இறுகத் தண்ணீர் வேண்டும். கலவையில் ஒவ்வொரு துகளையும் சூடான தார் போர்த்திவிடுகிறது. அது வெறும் கனமான நுண்தூளாகவே நடந்துகொள்ளும். எடை அதிகம் என்பதால், அதே எடை விகிதத்தில் கல்தூளைவிடக் குறைந்த இடத்தைத்தான் அடைக்கும். 'சிமென்ட் போட்ட தார்ச்சாலை' என்று பெருமையாகச் சொல்லப்படுவதில் பெருமைக்கு இடம் குறைவு.

அனல்மின் நிலைய உலர் சாம்பல்?

துகள்கள் பெரும்பாலும் உருண்டையானவை. உருண்டைகள் ஒன்றோடொன்று நன்றாக நெருங்கி அடையும், கலக்கும்போது உருளவும் செய்யும். எனவே கோணல்மாணலான கல்தூள் அளவுக்கு விறைப்பைக் கூட்டாமல் போகலாம். ஆனால் எரியாத கரி மிச்சமிருந்தால் தாரை உறிஞ்சும். உலைக்கு உலை, நிலக்கரிக்கு நிலக்கரி சாம்பல் மாறும். ஒரு லோடில் கிடைத்த முடிவை அடுத்த லோடுக்கு நீட்டக் கூடாது.

செம்மண் கலந்த கிரஷர் தூள்?

வேண்டாம். களிமண் தண்ணீரில் உப்பும், தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிடும். இதனால்தான் சிமென்ட், சுண்ணாம்பு தவிர்த்த ஃபில்லரின் நெகிழ்வுக் குறியீடு (களிமண் தன்மையைக் காட்டும் எண்) 4-ஐத் தாண்டக் கூடாது என்று விவரக்குறிப்பு சொல்கிறது.

வி.ஜி.-30 தாரில் தூளைக் கூட்டினால் வி.ஜி.-40 ஆகிவிடாதா?

வி.ஜி. என்பது பாகுத்தன்மையைக் கொண்டு தாரைத் தரம்பிரிக்கும் குறி, எண் ஏற ஏறத் தார் கெட்டி. எண்ணை மட்டும் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஐ.எஸ். 73 என்ற இந்தியத் தரநிலைப்படி 60 டிகிரி செல்சியஸில் வி.ஜி.-30-இன் பாகுத்தன்மை குறைந்தது 2400 பாய்ஸ், வி.ஜி.-40-க்கு 3200. மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்தான். தூளோ மூன்று மடங்கு ஏற்றுகிறது. ஆனால் வி.ஜி.-40-இலும் அதே தூளைப் போடத்தானே போகிறீர்கள்? தவிர, தாரின் தரம் என்பது வெயிலிலும் குளிரிலும் அது எப்படி மாறுகிறது, எப்படி மூப்படைகிறது என்பதையும் உள்ளடக்கியது. கலவையைப் பரப்பும்போதும் உருட்டும்போதும்கூடத் தூள் விறைப்பை ஏற்றிவைக்கும். நல்ல தாருக்கு மாற்றாகத் தூளைப் பார்ப்பது சிக்கனம் அல்ல.

வெயிலிலும் குளிரிலும் ஒரே அளவுதான் விறைக்குமா?

இல்லை. சூட்டில் தார் இளகியிருக்கும். தூளின் கடினத்துக்கும் தாரின் மென்மைக்கும் இடையே பிரம்மாண்டமான இடைவெளி. 60 டிகிரியில் வெறும் தாரின் விறைப்பு சில கிலோபாஸ்கல் மட்டுமே. அங்கே தூளின் கை ஓங்கியிருக்கும். கடுங்குளிரில் தாரே கண்ணாடி நிலையை நெருங்கி ஏறத்தாழ ஒரு கிகாபாஸ்கலை எட்டப் பார்க்கும். தூள் சேர்ப்பதால் ஏறும் மடங்கு அங்கே சிறியதாகிவிடும். நமக்கு இது வசதிதான்: பள்ளம் விழும் கோடையில் உதவி அதிகம், விரிசல் விடும் குளிரில் தொல்லை குறைவு. நீர்த்த சுண்ணாம்பில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

விறைப்பு கூடினால் நல்லதுதானே?

ஓரளவு வரை. டயர் தடத்தில் பள்ளம் விழுவதை விறைப்பான மாஸ்டிக் தடுக்கும். மிதமான அளவில் தூள் துகள்கள் நுண்விரிசலின் வழியில் குறுக்கே நின்று அதை மறிக்கவும் செய்யும். அதற்கு மேல் போனால் மாஸ்டிக் நொறுங்கும் குணம் பெறும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. முரட்டுக் கலவையை எட்டிய அளவுக்கு உருட்டிவிட்டு ரோலர் போய்விடும். உள்ளே காற்று வெற்றிடம் மிஞ்சும். காற்றும் தண்ணீரும் அதன் வழியே புகும், தார் ஆக்சிஜனேற்றம் பெற்று இன்னும் இறுகும். ஆய்வகத்தில் அதே கலவையை 75 முறை இடித்து இறுக்கிப் பார்த்தவர் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஒரே ஆலை, ஒரே ஜல்லி. சில லாரிக் கலவை மட்டும் ஏன் காய்ந்து வருகிறது?

பை வடிகட்டி உள்ள ஆலையானால் முதலில் அங்கே பாருங்கள். ஜல்லியை உலர்த்தும்போது கிளம்பும் நுண்தூளை வடிகட்டிப் பைகள் பிடித்து, மீண்டும் கலவைக்கே அனுப்பும். சீராக அனுப்பினால் தொல்லையில்லை. ஆலை நின்று ஓடும்போதெல்லாம் சேர்ந்த தூள் மொத்தமாக இறங்கினால், அந்தச் சில டன்களின் விகிதம் எங்கோ போய்விடும். வடிகட்டித் தூள் மிக நுண்ணியதாக இருந்தால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: படலத்தில் தாரோடு தாராகக் கரைந்ததுபோல் நின்று, தார் அதிகமானது போன்ற பொய்த்தோற்றம் தந்து, கலவையைக் குழைய வைக்கும்.

மாஸ்டிக்கை ரியோமீட்டரில் சோதிக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

இரு தட்டுகளுக்கு இடையே மாதிரியை வைத்து, முறுக்கி, விறைப்பை அளக்கும் கருவி ரியோமீட்டர். அதில் இரண்டு விஷயங்கள். தூள் தாரைவிட இரண்டரை மடங்கு கனம். சூட்டில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் அடியில் படியும். மேலிருந்து எடுத்த துளி வெறும் தார்போலவும் அடியிலிருந்து எடுத்தது கல்போலவும் விடை தரும். தூளை 105 முதல் 110 டிகிரியில் உலர்த்தி, சூடாகவே சிறிது சிறிதாகச் சேர்த்து, கிளறிய கையோடு அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, திரிபு அளவு, அதாவது முறுக்கும்போது மாதிரி எவ்வளவு உருமாறுகிறது என்பது. மூப்படையாத தாருக்கு 12 சதவீதத் திரிபில் சோதிப்பது வழக்கம். மாஸ்டிக்கில் துகள்கள் நெகிழாது. எல்லாத் திரிபையும் இடையிலுள்ள தாரே தாங்க வேண்டும், எனவே உள்ளே திரிபு பல மடங்கு பெருகும். திரிபை மாற்றினாலும் விறைப்பு மாறாதிருக்கும் நேரியல் எல்லை 1 சதவீதத்திலோ அதற்குக் கீழேயோ முடிந்துவிடலாம். முதலில் திரிபை மாற்றி மாற்றிச் சோதித்து எல்லையைக் கண்டுகொள்ளுங்கள். தட்டுகளுக்கு இடையே 1 மி.மீ. இடைவெளி போதும்; 75 மைக்ரான் துகளுக்கு அது தாராளம்.

ரியோமீட்டர் இல்லாத சிறிய ஆய்வகம் என்ன செய்யலாம்?

வளையமும் குண்டும் சோதனை எல்லா இடத்திலும் இருக்கிறது. 3.5 கிராம் எஃகுக் குண்டு தாரை இழுத்துக்கொண்டு 25 மி.மீ. கீழே இறங்கும் வெப்பநிலைதான் மென்மையாகும் புள்ளி. முதலில் வெறும் தாரில், பிறகு கன அளவில் 37.5 சதவீதம் தூள் கலந்த மாஸ்டிக்கில் சோதித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது ஐரோப்பிய நடைமுறை. வழக்கமான தூள்களுக்கு 8 முதல் 25 டிகிரி வரை ஏறலாம் என்று அவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். வி.ஜி.-30-இன் மென்மையாகும் புள்ளி குறைந்தது 47 டிகிரி என்பதால், தொட்டித் தண்ணீரின் 80 டிகிரி எல்லை பெரும்பாலும் போதும். அதைத் தாண்டினால் கிளிசரின் வேண்டும். சுத்தமான நீர்த்த சுண்ணாம்பை இந்த 37.5 சதவீதத்தில் கலக்கவே முடியாது. கல்தூளோடு சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

ரிக்டன் உருளையை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். குவாரி மாறும்போதும், சுண்ணாம்பு வியாபாரி மாறும்போதும் ஒருமுறை இடித்து, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு 12 மி.மீ. நின்ற தூள் திடீரென்று 14 மி.மீ. நின்றால், அன்றைக்கு ஆலையைத் தொடங்கும் முன் கலவையின் தூள் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும்.